புதன்கிழமை இருமல்

சர்வேயர் வீட்டம்மா பக்கத்து வீட்டுக்கு வந்தால் புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று அர்த்தம். குப்பைத் தொட்டி நகர்ந்திருக்கிறது, தண்ணீர் மோட்டார் சத்தம் போடுகிறது, இப்படி ஏதாவது ஒன்று. உதவி கேட்டு அவர் வாசல் தாண்டியதைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் அந்த வியாழக்கிழமை காலையில் அவர் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு, கிளெய்ம் சார் வீட்டு கேட்டுக்கு வெளியே எட்டி நின்று, "சார், நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும்" என்று தழுதழுத்தபோது எதிர்வீட்டு ஜன்னல்கள் இரண்டு மெல்லத் திறந்தன.

கிளெய்ம் சார் இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒரே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவர். எரிந்ததாகச் சொல்லப்பட்ட கிடங்கு நிஜமாகவே எரிந்ததா, தொலைந்ததாகச் சொல்லப்பட்ட நகை நிஜமாகவே தொலைந்ததா என்று போய்ப் பார்த்துச் சொல்லும் வேலை. குரல் உயராது, நடை வேகம் எடுக்காது. அவர் மனைவியின் தம்பி இதற்கு நேரெதிர். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் நாலு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. தெருவே அவரை மச்சினன் என்றுதான் கூப்பிடுகிறது. அத்தானுக்குத் துப்பு வேலை ஏதாவது வந்தால் போதும், முதல் ஆளாகச் சட்டையை மாட்டிக்கொள்வார்.

"என்னம்மா தொலைஞ்சு போச்சு?" என்றார் கிளெய்ம் சார்.

"ஒரு தேதி சார்."

விஷயம் இதுதான். சர்வேயருக்கு முந்தின நாள் பரிசோதனையில் கொரோனா என்று வந்துவிட்டது. மனுஷர் ஏற்கனவே பைபாஸ் ஆனவர். இதயத் துடிப்பு தாளம் தப்பாமல் இருக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, உடம்பில் நீர் தேங்காமல் இருக்க ஒரு மாத்திரை என்று தட்டு நிறைய வைத்து விழுங்குகிறவர். கொரோனாவுக்கு இருக்கும் மாத்திரை அந்த இதய மாத்திரைகளோடு மல்லுக்கு நிற்கும், அதைத் தொட முடியாது என்று கிளினிக் டாக்டரம்மா கைவிரித்துவிட்டார். மிச்சமிருப்பது ஆன்டிபாடி மருந்து. கிருமியை மடக்கிப் பிடிக்க உடம்பு தானே செய்துகொள்ள வேண்டிய எதிர்ப்பொருளை வெளியில் தயாரித்து, ரத்தக்குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது. ஆனால் நோய் தலைகாட்டி ஏழு நாளைக்குள் ஏற்ற வேண்டும்.

"ஒருத்தருக்கு வேண்டிய மருந்துதான் இருக்காம் சார். சாயங்காலம் நாலு மணிக்குள்ள முடிவு பண்ணணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. இல்லேன்னா கிட்னி மாத்தின பொண்ணு ஒண்ணு காத்திருக்கு, அதுக்குப் போயிடும்."

"எப்ப ஆரம்பிச்சதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னோமே! நாங்க மூணு பேருமே சொன்னோம். ஆளுக்கொரு போன் பண்ணி, ஆளுக்கொரு கிழமையா சொல்லித் தொலைச்சிட்டோம்."

மகன் போன புதன்கிழமை என்றிருக்கிறான். மருமகள் சனிக்கிழமை என்றிருக்கிறாள். வீட்டம்மா திங்கட்கிழமை. "இது குடும்பமா, ஏலமா?" என்று கேட்டிருக்கிறார் டாக்டரம்மா. "புதன்னா எட்டு நாள் ஆச்சு, மருந்து கிடையாது. புதன் இல்லேன்னு சொல்றதா இருந்தா, கிழமையோட வராதீங்க. காரணத்தோட வாங்க."

"இதுல என்ன அத்தான் இருக்கு?" என்று மச்சினன் குறுக்கே விழுந்தார். "மூணு பேரும் கூடிப் பேசித் திங்கள்னு சொல்லிட்டா முடிஞ்சுது. எதுக்குத் தோண்டிக்கிட்டு?"

"நிஜமாவே எட்டு நாள் ஆயிருந்தா? இவருக்கு உபயோகப்படாத மருந்தை இவருக்கே ஏத்திட்டு, அந்தப் பொண்ணை வெறுங்கையோட அனுப்பணும். இந்த மாதிரி கிளெய்மை எல்லாம் நான் வேலையில இருந்தப்பவே பாஸ் பண்ணல, மாப்ளே."

சொல்லிக்கொண்டே கேட்டைத் தாண்டியவர், "ஆ!" என்று காலைப் பிடித்துக்கொண்டார். ஓரமாக நின்ற மச்சினன் ஸ்கூட்டரின் பின்சீட்டுக் கால்மிதி விரிந்து நீட்டிக்கொண்டிருந்தது. "ஸாரி அத்தான்" என்று மச்சினன் அவசரமாகக் குனிந்து அதை மடக்கினார்.

சர்வேயர் முன்னறையில் தனியாக இருந்தார். கம்பி ஜன்னல் திறந்திருந்தது. மற்ற மூவரும் முற்றத்தில், ஒருவர் மேல் ஒருவர் மூச்சுப் படாத தூரத்தில், ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிருமிக்குப் பயந்து விட்ட தூரமா, கோபத்தில் விட்ட தூரமா என்று சொல்வது கஷ்டம்.

"சர்வேயரே, உங்களுக்கு எப்பலேர்ந்து முடியல?"

"ஞாபகம் இல்ல" என்றது உள்ளேயிருந்து குரல். நிலத்தகராறில் இருபது வருஷத்துக்கு முந்தைய எல்லைக்கல்லைக்கூட மறக்காதவர். இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மகன் முதலில் பாய்ந்தான். "நான் வெளியூர் வேலை முடிச்சு வந்ததே வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார். அப்பா புதன்கிழமையே இருமுறார்னு அம்மாதான் போன்ல சொன்னாங்க. இப்ப என்னவோ நான்தான் பையில கட்டிக் கொண்டுவந்து இறக்கின மாதிரி பார்க்கிறாங்க."

"நான் எங்கடா பார்த்தேன்? அவர் எப்பதான் இருமல!" என்றார் அம்மா. "புதன், வியாழன் ரெண்டு ராத்திரியும் இருமல்தான். என் தலையணையையும் பிடுங்கி முதுகுக்கு முட்டுக் கொடுத்து, உக்காந்தபடியே தூங்கினார். வெள்ளிக்கிழமை என் தலையணை எனக்கு வந்தாச்சு. மல்லாந்து படுத்து ஊரைக் கூட்டற குறட்டை. திங்கக்கிழமைதான் சார் ஜுரம். அதுக்கு முதல் நாள் ஞாயித்துக்கிழமை இந்த வீட்லேர்ந்து யார் சீவிச் சிங்காரிச்சு வெளியே போனாங்கன்னு நான் சொல்லல."

"சொல்லிட்டீங்களே அத்தை!" என்றாள் மருமகள். "ஆபீஸ்ல ஒருத்தருக்கு வழியனுப்பு விழா. மொட்டை மாடியில நடந்தது. மாஸ்க்கைக் கழட்டவே இல்ல. மாமா சனிக்கிழமையே சரியில்லன்னு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?" என்றார் கிளெய்ம் சார்.

"தெரியும். அவ்வளவுதான்."

கிளெய்ம் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். மூன்று பேரும் சர்வேயருக்கு எப்போது நோய் வந்தது என்று சொல்லவில்லை. தான் கொண்டுவரவில்லை என்றுதான் சொன்னார்கள். இத்தனைக்கும் மூவரும் அவருக்காக உயிரை விடுகிறவர்கள்.

"வெளியாள் யாராவது வந்தாங்களா? பால் போடறவர்? தண்ணி கேன் போடறவர்?" என்று மச்சினன் உற்சாகமாகக் கேட்டார். "அத்தான், அந்தத் தண்ணி கேன்காரன் போன வாரம் தும்மினதை நானே பார்த்தேன்."

"யாரையும் உள்ள விடறதில்ல" என்றார் வீட்டம்மா. "இவரும் ஆஸ்பத்திரியைத் தவிர வேற எங்கேயும் போய் மாசக்கணக்காச்சு. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கார். நாள் பூரா பனியனோட ஜன்னல்ல உக்காந்து, தெருவை அளந்துக்கிட்டிருப்பார். மூணு வீடு தள்ளி ஒருத்தன் சிகரெட் பத்தவெச்சா இங்கேர்ந்து சத்தம் போடுவார். அவ்வளவுதான் அவர் உலகம்."

"மாத்திரை எல்லாம்?"

"காலையில நானே உள்ளங்கையில எண்ணி வைப்பேன். அந்த நீர் மாத்திரைக்குத்தான் மூஞ்சியைச் சுளிப்பார். போட்டா சாயங்காலம் வரைக்கும் பாத்ரூமுக்கும் நாற்காலிக்கும் நடந்துக்கிட்டே இருக்கணுமே. மத்தியானம் நான் கொஞ்சம் படுப்பேன். படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். அப்பவும் இவ மாடியில வேலை பார்த்துக்கிட்டுதான் இருப்பா."

"காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு" என்றான் மகன், மனைவி பக்கம் திரும்பாமல்.

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த வீட்ல எது நடந்தாலும் நான்தான். போன வியாழக்கிழமை துணி துவைச்சேன். மாமா சட்டைப் பாக்கெட்ல ஏதோ வெள்ளையா கரைஞ்சு என் கறுப்பு டிரஸ் பூரா திட்டுத் திட்டா ஒட்டிருச்சு. அதுக்கும், பாக்கெட்டைப் பார்க்காம மெஷின்ல போட்டியான்னு எனக்குத்தான் வசவு."

கிளெய்ம் சார் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். மச்சினனும் பின்னாலேயே ஓடினார். அங்கே குழாயடியில், வாளிகளுக்குப் பின்னால் மறைவாக, அடி கருகிய பால் பாத்திரம் ஒன்று சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கைவிடப்பட்ட பாத்திரம் என்று பார்த்தாலே தெரிந்தது. பக்கத்துப் படியில் சர்வேயரின் வார் வைத்த செருப்பு. வாரின் நடு ஓட்டை பழகித் தேய்ந்து பெரிதாகியிருந்தது. ஆனால் கொக்கி மாட்டியிருந்தது கடைசி ஓட்டையில்.

"இது ஒண்ணும் இல்ல அத்தான், பழைய செருப்பு" என்றார் மச்சினன். "வாங்க, தண்ணி கேன்காரனைப் போய்ப் பிடிப்போம்."

கிளெய்ம் சாரின் முகத்தில் முதன்முதலாக எரிச்சல் தெரிந்தது. மூவரையும் மாற்றி மாற்றிக் கேட்டதிலேயே மணி இரண்டரை ஆகியிருந்தது. "நீ கொஞ்சம் சும்மா இரு மாப்ளே. டாக்டரம்மாவுக்கு போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வை."

எல்லோரும் மீண்டும் முற்றத்தில் கூடினார்கள். போன் ஒரு ஸ்டூலின் மேல் நடுநாயகமாக இருந்தது. டாக்டரம்மாவின் குரல் சுள்ளென்று வந்தது. "சுருக்கமா சொல்லுங்க. வெளியில பேஷன்ட்ஸ் நிக்கிறாங்க."

"நோய் ஆரம்பிச்சது சனிக்கிழமை டாக்டர்" என்றார் கிளெய்ம் சார்.

மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீட்டம்மா வாயைத் திறந்தார். கிளெய்ம் சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சனிக்கிழமை இந்த வீட்ல பால் தீய்ஞ்சுபோச்சு. தெருவே மூக்கைப் பிடிச்சுது, எனக்கே ஞாபகம் இருக்கு. எங்கேர்ந்துன்னுதான் தெரியல. ஏம்மா, நீதானே வெச்சே?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அத்தை குளிக்கப் போயிருந்தாங்க. மீட்டிங்கு வந்துச்சு, மறந்துட்டேன். ஓடிவந்து பார்த்தா சமையலறை பூரா புகை. மாமா பக்கத்து ரூம்லதான் இருந்தார். கத்தப் போறார்னு நடுங்கிக்கிட்டே எட்டிப் பார்த்தேன். ஒரு வார்த்தை கேக்கல சார். பேப்பரைப் படிச்சுக்கிட்டிருந்தார். நல்லவேளைன்னு பாத்திரத்தை ஒளிச்சு வெச்சுட்டு, அத்தைகிட்ட நாத்தம் தெருவுலேர்ந்து வருதுன்னுட்டேன்."

"என் புது பாத்திரமா?" என்றார் மாமியார்.

"அப்புறம் திட்டுங்கம்மா" என்றார் கிளெய்ம் சார். "மூணு வீடு தள்ளிப் பத்தவெச்ச சிகரெட்டை மோப்பம் பிடிக்கிறவர், பக்கத்து ரூம்ல பால் கருகினது தெரியாம உக்காந்திருக்கார். மூக்கு போயிடுச்சு. இந்தப் பொண்ணுக்குப் பட்டது சரி. ஆனா எப்படித் தெரியும்னு சொன்னா பாத்திரம் வெளியே வந்துடும்."

"சரி, சனிக்கிழமை மோப்பம் போச்சு. புதன்கிழமை இருமலை என்ன பண்றது?" என்றார் டாக்டரம்மா. "இருமல்ல ஆரம்பிச்சு, அப்புறம் மோப்பம் போறதும் உண்டு."

"அது கிருமி இருமல் இல்ல டாக்டர், நெஞ்சுல நீர் கோத்து வர்ற நீர் இருமல். படுத்தா வரும், தலையணை அடுக்கி உக்காந்தா அடங்கும். வெள்ளிக்கிழமை சுத்தமா நின்னு, மல்லாந்து படுத்துத் தூங்கியிருக்கார். கால் வீங்கி, செருப்பு வார் கடைசி ஓட்டைக்குப் போயிருக்கு. நீர் மாத்திரையை விட்டுட்டா இதெல்லாம் வரும்தானே?"

"வரும். ஆனா அவர் எதுக்கு விடணும்?"

"வெளியே போறதுக்கு. வழியில பாத்ரூம் தேட வேண்டாம்னு."

வீட்டம்மா, "யாரு, இவரா?" என்றார்.

"நாள் பூரா பனியனோட இருக்கிறவர் சட்டை எதுக்கும்மா துவைக்கப் போகுது? அந்தப் பாக்கெட்ல கரைஞ்ச வெள்ளை என்ன?"

ஜன்னலுக்குள் கட்டில் கிறீச்சிட்டது. சர்வேயர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்து, தாடி முளைத்து, பாதி ஆளாகத் தெரிந்தார். "மேட்டுத் தெரு செஸ் ரூமுக்குப் போனேன்" என்றார். "செவ்வாய், புதன் ரெண்டு நாள் போட்டி. ஜன்னல்ல உக்காந்து உக்காந்து பைத்தியம் பிடிச்சுது. போனேன். ஆனா மாத்திரையை எல்லாம் ஒழுங்காதான் போட்டேன். பாக்கெட்ல இருந்தது பெப்பர்மின்ட்டு."

"எப்படிப் போனீங்க?" என்றது போன்.

"நடந்து."

"மேட்டுத் தெருவுக்கா? எனக்கே அந்த ஏத்தத்துல மூச்சு வாங்கும்! நடந்து ஏறினார், மாத்திரையும் போட்டார்னா அவர் இதயம் நல்லாதான் இருந்திருக்கு. அப்ப அந்த இருமல் நீர் இருமல் இல்லேன்னு ஆகுது சார். புதன்கிழமை கணக்குதான். என்னை மன்னிச்சுக்கோங்க."

"அப்பா!" என்று மகன் கத்தினான். "உண்மையைச் சொல்லுங்கப்பா! செவ்வாய்க்கிழமை நீங்களே வாங்கிட்டு வந்துட்டு, நாங்க இங்க ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக் குதறிட்டிருந்ததைப் பார்த்துக்கிட்டா படுத்திருந்தீங்க?"

சர்வேயர் ஜன்னல் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பொய் மாட்டிக்கொண்ட பிறகும் அதை விட்டு இறங்க மாட்டேன் என்று நிற்பது அந்த வீட்டுப் பரம்பரைக் குணம் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் பார்வை ஒரே ஒரு தடவை முற்றத்துக் கோடியில் நின்ற ஆளிடம் போய்த் திரும்பியது.

கிளெய்ம் சாரும் அந்தப் பக்கம்தான் திரும்பினார். "மாப்ளே, இனி நீ பேசினாத்தான் உண்டு."

"நானா அத்தான்? நான் என்ன..."

"தனியா வண்டி ஓட்டறவன் வண்டியில பின்சீட்டுக் கால்மிதி எதுக்கு விரிஞ்சிருக்கணும்? காலையிலேர்ந்து பால்காரர், தண்ணிக்காரர்னு என்னைத் தெருத் தெருவா அனுப்பப் பார்த்தே. தோண்ட வேண்டாம்னே. உங்க அக்காவுக்குப் பயந்து மூடி மறைக்கிறேன்னு புரியுது. ஆனா அந்த மருந்து போயிடும்டா."

மச்சினன் சர்வேயரைப் பார்த்தார், வீட்டம்மாவைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்துப் பேசினார், மனிதர்களைவிட அது பரவாயில்லை என்பதுபோல. "நான்தான் டாக்டர் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு நாளும். பாவமா இருந்துச்சு, கெஞ்சினார். காலையில முழுங்காம ஒளிச்சு வெச்ச நீர் மாத்திரையை வண்டியில ஏறும்போது பாக்கெட்ல போட்டுக்கிட்டு, 'இதை முழுங்கினா ஆட்டத்துக்கு நடுவுல எழுந்துக்கணும், எதிராளி காயை நகர்த்திடுவான்'னு சிரிச்சார். மறுநாளும் அதேதான். புதன்கிழமை திரும்பி வரும்போது கால் பொதபொதன்னு வீங்கிருச்சு. வார் மாட்டல. நான்தான் குனிஞ்சு கடைசி ஓட்டையில மாட்டிவிட்டேன். வியாழக்கிழமை பயந்துபோய் மாத்திரை போட்டேன்னு ஜன்னல்ல சொன்னார்."

"இதைக் காலையிலயே சொல்றதுக்கு என்ன?" கிளெய்ம் சாரின் குரல் அன்றைக்குத்தான் உயர்ந்தது என்று எதிர்வீட்டு ஜன்னல்கள் பிற்பாடு சாட்சி சொல்லின. "ஒரு மணி நேர வேலை! அஞ்சு பேர், அஞ்சு பேருக்கும் உண்மையில ஒரு துண்டு தெரியும். ஒருத்தர்கூட வாயைத் திறக்கல!"

போனில் பெருமூச்சு கேட்டது. "மாத்திரையை விட்டதும் நீர் கோத்துச்சு, போட்டதும் வடிஞ்சுது. செவ்வாய் புதன்ல ஒட்டிக்கிட்ட கிருமி சனிக்கிழமை தலைகாட்டியிருக்கு. இது பொருந்துது. உடனே கூட்டிட்டு வாங்க. நெஞ்சையும் காலையும் பார்த்துட்டுத்தான் ஏத்துவேன். அந்த ஸ்கூட்டர்காரர் டெஸ்ட் எடுத்துட்டு ரூமுக்குள்ள அடைஞ்சு கிடக்கணும். செஸ் ரூம்ல இருந்த எல்லாருக்கும் அவரே போன் பண்ணிச் சொல்லணும்."

"டாக்டர், அந்தக் கிட்னிப் பொண்ணு?" என்றார் கிளெய்ம் சார்.

"வேற ஆஸ்பத்திரியில கேட்டிருக்கேன். நாளைக்கு வரும்னு நம்பறேன். நிச்சயம் இல்ல. அதனாலதான் சார் உங்ககிட்ட காரணம் கேட்டேன்."

மகன் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

நாலு மணிக்கு முன்பே சர்வேயர் கிளினிக்கின் கண்ணாடி அறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். டாக்டரம்மா முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், கணுக்காலை அமுக்கிப் பார்த்தார், தலையாட்டினார். இதயத்துக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று சின்னப் பையாகவே எடுத்து, சொட்டுகளையும் மெதுவாகவே விட்டார்கள். ஏற்றி முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டுமாம்.

மகனும் மருமகளும் காரில் எதிரெதிர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். வீட்டம்மா மட்டும் கட்டடத்தின் வெளிப்புறம் சுற்றிவந்து, கண்ணாடிக்கு நேராக நின்று, முகக்கவசத்துக்குள்ளிருந்து பேச ஆரம்பித்தார். சத்தியம், செஸ், சட்டை, தலையணை, எல்லாவற்றுக்கும் கை ஆடியது. சர்வேயர் உள்ளேயிருந்து ஒவ்வொன்றுக்கும் பணிவாகத் தலையாட்டினார்.

நர்ஸ் ஒருத்தி பரிதாபப்பட்டு வெளியே வந்தாள். "அம்மா, இந்தக் கண்ணாடி கெட்டி. நீங்க பேசறது எதுவும் உள்ள கேக்காது."

"தெரியும்மா" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கேட்டா, குறுக்கே பேச ஆரம்பிச்சுடுவார்."

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.